வண்டியில வந்த பானைகள்

போன மாசம் என் அக்கா மகன் சென்னையிலிருந்து கூட்டாளிகளோடு வந்திருந்தான். ஆறு பேர், எல்லாரும் கம்ப்யூட்டர் வேலை. "மாமா, வீட்டுல தங்கல. தோப்புலயே கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி நாங்களே சமைச்சுக்கப் போறோம். நீங்க விறகு மட்டும் குடுங்க"ன்னான். பிள்ளைகள் ஆசைப்படுதுகளேன்னு காய்ந்த கருவேல விறகு ஒரு கட்டு கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஆறு பேரும் வாசலில் நிற்கிறார்கள். முகமெல்லாம் கரி. ஒருத்தன் கையில் நான்ஸ்டிக் சட்டி, கைப்பிடி கருகித் தொங்குது. கண்ணாடி மூடி கீறல் விட்டுப்போச்சு. மெல்லிசான எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்த சோறு அடியில் கரி, நடுவில் குழைவு, மேலே அரிசி. என் வீட்டுக்காரி ஒண்ணும் பேசாமல் தோசைக்கல்லைப் போட்டாள். எட்டாவது தோசை சாப்பிடும்போது அக்கா மகன் கேட்டான்: "அந்தக் காலத்துல அழகர் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்தவங்க ஆத்துக்குள்ளயே சமைச்சாங்கன்னு அம்மா சொல்லுவாங்களே மாமா, அவங்க எதுல சமைச்சாங்க?"

அன்னைக்குத் தூக்கக் கலக்கத்தில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

ஆற்று மணலில் ஒரு சமையல்கட்டு

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளம். மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமாச்சுன்னு சொல்லுவாங்க. இரண்டாவது, சித்திரைத் திருவிழா. சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்குகிற கள்ளழகர் அன்று ராத்திரி எங்கள் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோவிலில்தான் தங்குகிறார். மறுநாள் ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கிறார்.

வண்டியூரில் இருக்கும் மண்டபத்துக்கு ஏன் தேனூர் பெயர்? ஒரு காலத்தில் இந்த விழா மேற்கே சோழவந்தான் பக்கம் தேனூர் ஆற்றில்தான் நடந்தது; மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது. இரண்டையும் சித்திரையில் சேர்த்து மதுரைக்குக் கொண்டுவந்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. தொ. பரமசிவன் எழுதிய 'அழகர் கோயில்' ஆய்வு நூலை வாசித்தால், இந்த விழாவுக்கு யார் யார், எதற்காக வந்தார்கள் என்று விரிவாகத் தெரியும். நாட்டுப்புறத்துச் சனம், ஆடுமாடு வளர்க்கிறவர்கள், உழவர்கள், இவர்கள்தான் இந்த விழாவின் உயிர்.

இந்தச் சனம் நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்தது. அழகர்மலையிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். மேலூர், சிவகங்கை, மானாமதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் தூரம். நாலைந்து நாள் தங்கணும், குடும்பத்தோடு சாப்பிடணும். ஓட்டல் கிடையாது, இருந்தாலும் காசு கிடையாது. நான் சின்னப் பையனாக இருக்கும்போது எங்கள் வயலே வண்டிப்பேட்டை மாதிரி ஆகிவிடும். அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கிற வயலில் நுகத்தடியைச் சாய்த்து வைத்து வண்டிகள் வரிசையாக நிற்கும். இத்தனை வண்டி வர்ற ஊருங்கிறதாலதான் வண்டியூர்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன்.

பொழுது சாயும்போது வயலிலும் ஆற்று மணலிலுமாக நூற்றுக்கணக்கில் அடுப்புப் புகை எழும். அந்த அடுப்புகளை ஒவ்வொன்றாக வேடிக்கை பார்த்துக்கொண்டே போவது எங்களுக்குத் திருவிழாவில் ஒரு பாதி.

அடி உருண்ட பானை

வண்டியில் முதலில் ஏறுவது வைக்கோல். மாட்டுக்குத் தீனி அதுதான், ஆட்கள் உட்கார மெத்தையும் அதுதான். மண்பானை இரண்டையும் அந்த வைக்கோலுக்குள்தான் புதைத்து வைப்பார்கள். வண்டி குலுங்கினாலும் உடையாது. இறங்கின இடத்தில் அதே வைக்கோலைப் பிரியாக முறுக்கி வளையம் கட்டினால் புரிமணை. சுடச்சுட இறக்கின பானை அதில் உட்காரும்.

மண்பானைக்கு ஏன் அடி உருண்டையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மூன்று கல்லை முக்கோணமாக வைத்து, உருண்ட அடியை அதன்மேல் உட்கார வையுங்கள். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் ஆடாது. மூணு கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாத மாதிரி. நாலாவது கல் வைத்தால்தான் ஆட்டம் ஆரம்பம். தீ அடியில் பட்டு, உருண்டையைத் தழுவிக்கொண்டு பக்கவாட்டில் ஏறும். சூடு ஒரே இடத்தில் குத்தாது. கழுத்து குறுகினது ஆவியை அடக்க. விளிம்பு வெளியே மடிந்தது துணியால் பிடித்துக் கவிழ்த்துக் கஞ்சி வடிக்க. ஆற்று மணலிலோ கல்லே வேண்டாம், லேசாகக் குழி பறித்தால் பானை தானாக உட்காரும்.

எங்கள் ஊரிலிருந்து ஆற்றோடு கிழக்கே போனால் கொஞ்ச தூரத்தில் கீழடி. 2015-ல் தோண்ட ஆரம்பித்தார்கள்; கி.மு. 6-ஆம் நூற்றாண்டுவரை பழமை போகிறது என்று 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தது. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனால் எல்லாரும் தமிழி எழுத்து கீறின ஓட்டைப் பார்க்க முண்டுகிறார்கள். எழுத்தைப் பார்த்துவிட்டுப் பானைகளின் அடியையும் பாருங்கள். எங்கள் அப்பத்தா வண்டியில் ஏற்றின பானைக்கும் அதற்கும் ஒன்றும் பெரிய தூரம் இல்லை. இன்னும் கிழக்கே போனால் மானாமதுரை. கடம் செய்வதற்குப் பெயர் போன அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் ஒரே வைகைக்கரைதான்.

ஆனால் மண்பானை கடையில் வாங்கியதும் அடுப்பில் ஏறாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறணும். பிறகு இரண்டு மூன்று நாள் வடிகஞ்சி ஊற்றிச் சின்னத் தீயில் காய்ச்சணும். இதைத்தான் 'பழக்குறது' என்பார்கள். மண்ணிலுள்ள நுண்ணிய ஓட்டைகளைக் கஞ்சிப்பசை அடைக்கும். அப்புறம்தான் ஒழுகாமல் உழைக்கும். சூடான பானையில் பச்சைத்தண்ணீரைச் சடாரென்று ஊற்றினால் அன்றோடு அதன் ஆயுசு முடிஞ்சது. அப்பத்தா திருவிழாவுக்கென்று புதுப்பானை வாங்கியதே இல்லை. பங்குனியிலேயே வாங்கி, ஒரு மாசம் வீட்டில் பழக்கித்தான் சித்திரைக்கு வண்டியில் ஏற்றும்.

வெண்கலமும் பித்தளையும்

கொஞ்சம் வசதியான வண்டியில் வெண்கலப் பானை இருக்கும். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்தது. கனம் அதிகம், சூடு ஒரே சீராகப் பரவும், சோறு அடி பிடிக்காது, மண்பானை மாதிரி வழியில் உடைந்துவிடும் என்ற பயம் குறைவு. ஆனால் கல்லில் விழுந்தால் விரிசல் விடும். அடியில் கரி ஒட்டாமல் இருக்க, அடுப்பில் ஏற்றுமுன் வெளிப்பக்கம் முழுக்கச் செம்மண் சேறோ சாம்பல் குழம்போ பூசுவார்கள். சமைத்து முடித்துத் தண்ணீர் ஊற்றினால் கரி சேறோடு சேர்ந்து உரிந்துவிடும். இந்தச் சூட்சுமம் இன்றைக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் பலிக்கும்.

பித்தளை வேறு கதை. செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலத்தைவிட மலிவு, தகடாக அடித்துப் பெரிதாகச் செய்யலாம். முப்பது பேருக்குச் சோறு என்றால் பித்தளைத் தவலைதான். ஆனால் புளி பட்டால் களிம்பு ஏறும். அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசுவது. தெருவில் "ஈயம் பூசலையோ ஈயம்" என்று குரல் கேட்டால் வீட்டுக்கு வீடு பாத்திரம் வெளியே வரும். தரையில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரி மூட்டுவார். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயக் குச்சியை ஒரு தொடு தொட்டுப் பஞ்சால் சர்ரென்று ஒரு இழுப்பு. மஞ்சள் பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். நவச்சாரப் புகை வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். விறகுத் தீக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால் ஈயம் பூசின பாத்திரத்தை வெறுமனே தீயில் வைக்கக்கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால்தான் பூச்சு தப்பும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் அப்படித்தான். முதலில் புளித்தண்ணி, அப்புறம்தான் தீ. மாற்றிச் செய்தால் சொம்பே உருகி அடுப்புக்குள் ஓடிவிடும்.

ஒரு தவலை, ஒரு ராத்திரி

இதைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை.

நான் மூணாப்பு படிக்கும்போது ஒரு ஆடி மாசம். அழகர்மலைப் பதினெட்டாம்படிக் கருப்புக்கு நேர்த்திக்கடன். எங்கள் வீட்டு வண்டியும் பெரியப்பா வண்டியும் போனது. பதினைந்து பேருக்கு மேல் என்பதால் பித்தளைத் தவலை ஏறியது. அந்த வருசம் மழை இல்லை, கையில் காசு இல்லை. ஈயம் பூசுகிறவர் வந்தபோது, "அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். தவலையின் உள்ளே பூச்சு தேய்ந்து அங்கங்கே மஞ்சள் தெரிந்தது. அப்பத்தா பார்த்துவிட்டு, "புளி வேணாம்டா இதுல, வெறுஞ்சோறு வடி"ன்னு சொல்லிவிட்டுத்தான் படுத்தது. ஆனால் மறுநாள் வெள்ளெனக் கிளம்பணும், கட்டுச்சோறு வேணும். புளி காய்ச்சி, தவலையிலேயே கிண்டி, ராத்திரி முழுக்க அதிலேயே மூடி வைத்துவிட்டார்கள்.

காலையில் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராக வாந்தி. பெரியவர்கள் தாங்கிவிட்டார்கள். என் தங்கச்சிக்கு அப்போ நாலு வயசு. கண் சொருகிவிட்டது. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, கிடைத்த லாரியை மறித்து ஏறினது எனக்குக் கனவு மாதிரி ஞாபகம் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் அப்பா தவலையை எடைக்குப் போட்டுவிட்டு இரண்டு அலுமினியக் குண்டானோடு வந்தார். அன்றைக்கு அப்பத்தா சொன்னது: "பாத்திரத்து மேல குத்தமில்லப்பா. அதுக்குச் செய்ய வேண்டியத நாம செய்யல." அப்பா பதில் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் அந்தப் பேச்சை அவர் எடுத்ததும் இல்லை.

அலுமினியமும் அப்புறமும்

அப்பா வாங்கினாரே அந்த அலுமினியம், அதற்கும் நம்ம சென்னைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. தங்கத்துக்குச் சமமாக விலை விற்ற உலோகம் அது. 1886-ல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் தனித்தனியாக, மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கிற வழியைக் கண்டுபிடித்ததும் விலை சரிந்தது. 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னை ஓவியக் கல்லூரியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். பித்தளை அடித்துப் பழகிய கைகளுக்குப் புதுத் தகடு. பின்னால் 1965-ல் மேட்டூரில் அலுமினிய ஆலையே வந்தது.

வெளியே தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அலுமினியம் ஒரு வரம். கனமில்லை, உடையாது, சீக்கிரம் சூடேறும், ஈயம் பூச வேண்டாம். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. புளியும் தக்காளியும் போட்டு ராத்திரி மூடி வைக்கக்கூடாது, அரிக்கும். உருகுநிலை 660 டிகிரி. நல்ல கருவேலக் கங்கு அதைத் தாண்டும். தண்ணீர் வற்றி வெறும் பாத்திரமாகக் கங்கின்மேல் கிடந்தால் அடியில் ஓட்டை விழும். நானே ஒன்றை அப்படித் தொலைத்திருக்கிறேன்.

பிறகு எவர்சில்வர் வந்தது. துருப்பிடிக்காத எஃகை 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கினார். நம் வீடுகளில் அது சீர்வரிசையாகவே ஆகிவிட்டது. களிம்பு இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் சூட்டைப் பரப்பத் தெரியாது. தீ படுகிற இடம் மட்டும் காயும். அக்கா மகன் சோறு அடியில் கரியும் மேலே அரிசியுமாக ஆனது அதனால்தான். நான்ஸ்டிக் பூச்சு 1938-ல் தற்செயலாகக் கிடைத்த பொருள். 1950-களில் பிரான்சில் அதைச் சட்டியில் பூசினார்கள். 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சு கெட ஆரம்பிக்கும், புகை நல்லதில்லை. அடுப்பங்கரையில் ஸ்டவ் திருகைக் குறைத்துக் கூட்டுகிறவர்களுக்காகச் செய்தது அது. விறகுக்குத் திருகு கிடையாது.

ஸ்டவ்வும் சிமெண்டுத் தரையும் வந்தபிறகு பாத்திரங்களுக்கெல்லாம் அடி தட்டையானது. மேடைக்கு அது சரி. மூன்று கல்லுக்கு?

பாண்டி கோவிலில் இன்றைக்கும்

பழசெல்லாம் போச்சுன்னு நினைக்க வேண்டாம். வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் மேலமடையில் பாண்டி கோவில் இருக்கிறது. அங்கே கிடா வெட்டாத வாரம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சமையல்காரர்களைப் பாருங்கள். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து கனத்த அலுமினிய தேக்சா இறங்கும். செங்கல்லை அடுக்கிக் கோட்டை அடுப்பு, காற்று வரும் பக்கம் வாய். தேக்சா அடியில் சேறு பூசுகிறார்கள். தீயைக் குறைக்க விறகை வெளியே இழுக்கிறார்கள், கூட்ட உள்ளே தள்ளுகிறார்கள். அதுதான் அவர்கள் திருகு. கறி கொதித்ததும் கங்கைப் பரப்பிவிட்டு, கொஞ்சத்தை மூடி மேலேயும் போட்டால் தம். அழகர் வண்டிக்காரர்களின் வாரிசுகள் இவர்கள்தான்.

நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சோற்றுக்குக் கனத்த அலுமினியக் குண்டானோ பழக்கின மண்பானையோ போதும். வறுக்க, கறி வதக்க ஒரு இரும்புச் சட்டி. கழுவியதும் ஈரம் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் பேரன் காலம்வரை வரும். புளிக்குழம்புக்கு மண்சட்டி. கிண்ட நீளக் காம்பு வைத்த கொட்டாங்குச்சி அகப்பை, சுடாது. தட்டுக்குத் தாமரை இலையோ வாழை இலையோ. கல் தேடி ஆற்றுக்குள் இறங்காதீர்கள், ஈரம் ஊறின கல் தீயில் வெடிக்கும். செங்கல் மூன்று எடுத்து வாருங்கள். சாலை நடுவில் பூத்திருக்கிற அரளிக் குச்சியை ஒருபோதும் ஒடிக்காதீர்கள், விறகுக்கும் கூடாது, கிண்டவும் கூடாது. விஷம்.

இன்னொன்று. இப்போது நிறைய பேர் பழமை என்று சொல்லிப் பித்தளைப் பாத்திரம் ஆன்லைனில் வாங்குகிறீர்கள். படம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வாங்குமுன் ஒரு கேள்வி: உங்கள் பகுதியில் ஈயம் பூசுகிறவர் இருக்கிறாரா? பூசுகிறது வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா? காரீயம் நஞ்சு. ஆள் தெரியாவிட்டால் அதை வாசலில் பூப்போட்டு வையுங்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள். எங்கள் தெருவுக்கு அவர் வந்து எத்தனையோ வருசமாச்சு. பாத்திரம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது, அவர் வரவில்லை.

வைகையில் இப்போது அந்த மணலும் இல்லை. 1959-ல் வைகை அணை வந்தபிறகு அழகர் இறங்கவே அணையிலிருந்து தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. 2011-ல் ஊரையும் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். வண்டிகள் நின்ற எங்கள் வயலில் பாதி பிளாட்டாகிவிட்டது. மிச்சமிருக்கிற மூலையில் வருகிற சித்திரைக்கு மூன்று செங்கல் வைக்கப்போகிறேன். அக்கா மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பானையைப் பங்குனியிலேயே வாங்கிப் பழக்கணும்னு என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

தங்கச்சியும் வருகிறாள். இப்போது கோயம்புத்தூரில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பித்தளைப் பாத்திரத்தைக் கண்டால் உள்ளே ஒரு தடவை விரலால் தடவிப் பார்ப்பாள், வெள்ளையாக இருக்கிறதா என்று. அப்புறம்தான் பந்தியில் உட்காருவாள்.